படா பாக்: ஒரு தோப்பின் பரம்பரையும் அதைக் காக்கும் வாரிசும்

மைசூர் நகரத்திலிருந்து பன்னூர் வழியாக மளவள்ளிக்குச் செல்லும் சாலையில், காவிரியைக் கடந்து, சுமார் 40 கிலோமீட்டர் தூரம் பிரயாணம் செய்கிறவர்கள், நெல்லும் கரும்பும் மாறி மாறிச் செழித்து நிற்கும் சமவெளியின் நடுவே கிருகாவலு என்னும் கிராமத்தை அடைவார்கள். மண்டியா மாவட்டம் மளவள்ளி வட்டத்தைச் சேர்ந்த இந்த ஊருக்கு, கன்னட நாட்டு விவசாயிகளிடையேயும், பாரம்பரிய விதைகளில் அக்கறை கொண்ட வெளி மாநிலத்தாரிடையேயும் ஒரு தனிப் பெயர் ஏற்பட்டிருக்கிறது. அந்தப் பெயருக்குக் காரணம் ‘படா பாக்’ என்று வழங்கும் ஒரு பழைய மாந்தோப்பும், அதை வாலிப வயதில் ஏற்றுக்கொண்டு இயற்கை முறையில் பேணிவரும் சையது கனி கான் என்ற விவசாயியுமே ஆவர்.

இந்த நிலம் திப்பு சுல்தான் காலத்தில் தங்கள் முன்னோருக்கு மானியமாகக் கிடைத்தது என்று அந்தக் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். மைசூர் மன்னர்களுக்குத் தோட்டங்களில் இருந்த பிரியம் சரித்திரம் அறிந்த விஷயம். ஹைதர் அலி 1760-ஆம் ஆண்டில் பெங்களூரில் லால்பாக் தோட்டத்தைத் தொடங்கினார். அவருடைய குமாரரான திப்பு அதற்குத் தூர தேசங்களிலிருந்து விதைகளையும் கன்றுகளையும் தருவித்தார். 1799-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி மளவள்ளிக்கு அருகில் திப்புவின் சேனை ஆங்கிலேயரோடு பொருதிப் பின்வாங்கியது. மே மாதத்தில் ஸ்ரீரங்கபட்டணம் விழுந்தது. ராஜ்யம் உடையார் வம்சத்தாரிடம் திரும்பியது. காவிரியின் குறுக்கே 1911-இல் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர அணையின் வேலை இருபது ஆண்டுகளில் பூர்த்தியாகி, அங்கிருந்து புறப்பட்ட விசுவேசுவரய்யா கால்வாய் இந்த வறண்ட பிரதேசத்தை நஞ்சையாக்கியது. 1933-இல் மண்டியாவில் சர்க்கரை ஆலை எழுந்தது. இத்தனை மாறுதல்களுக்கும் இடையில் கோடாலிக்கு இரையாகாமல் ஒரு மாந்தோப்பு தலைமுறை தலைமுறையாக நின்று காய்த்துவருகிறது என்றால், அதைச் சாமானியமான செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது.

தோப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட வகை மாமரங்கள் இருக்கின்றன. மோசம்பியின் சுவையை நினைவூட்டுவது ஒன்று. நறுக்கியவுடன் சீரக வாசனை கமழ்வதால் ‘ஜீரிகே மாவு’ என்று பெயர் பெற்றது ஒன்று. இனிப்பின் மிகுதியால் சர்க்கரையின் பெயரையே தாங்கி நிற்பது மற்றொன்று. ஊறுகாய்க்கு உரியவை, பிழிந்து சாறாக அருந்துவதற்கு உரியவை, பழுக்காத காயாகவே ருசிப்பவை என்று பலதரப்பட்டவை அங்கே அருகருகே நிற்கின்றன. பங்கனபள்ளியையும் மல்கோவாவையும் கிளிமூக்கையும் தவிர வேறு பெயர் தெரியாமல் வளர்ந்துவிட்ட நமக்கு, ஒரே தோப்புக்குள் இத்தனை சுவைகள் அடங்கியிருப்பது ஆச்சரியமாகவே தோன்றும்.

வாரிசின் கதை

கனி கானுக்கு இளமையில் இருந்த ஆசை வேறு. தொல்பொருள் ஆராய்ச்சியையும் அருங்காட்சியக இயலையும் பாடமாகப் படித்த அவர், ஏதேனும் ஓர் அருங்காட்சியகத்தில் பொறுப்பாளராக அமர்ந்து, பழம்பொருள்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் உத்தியோகத்தில் காலம் கழிக்க வேண்டும் என்று விரும்பினார். ஆனால் அவருக்கு இருபத்திரண்டு வயது நடக்கும்போது தந்தையார் கடுமையான நோயில் விழுந்தார். குடும்ப பாரமும் நிலத்தின் பொறுப்பும் மூத்த மகனின் தோளுக்கு வந்துசேர்ந்தன. உத்தியோகக் கனவை விட்டுவிட்டு ஏர் பிடிக்க நேர்ந்த இளைஞர்கள் நம் நாட்டில் எண்ணற்றவர்கள். அவர்களில் பெரும்பாலோர் மனக்குறையோடு அந்த வாழ்வை ஏற்றுக்கொண்டு, தங்கள் பிள்ளைகளையாவது மண்ணிலிருந்து விடுவித்துவிட வேண்டும் என்ற சங்கற்பத்தோடு காலம் தள்ளுகிறார்கள். இவருடைய வாழ்க்கை அப்படிப் போகவில்லை.

தொடக்கத்தில் அவரும் ஊரார் செய்த விவசாயத்தையே செய்தார். கடையில் விதை வாங்கினார், மூட்டை மூட்டையாக உரம் போட்டார், பயிருக்குப் பூச்சிமருந்து அடித்தார். ஒரு நாள் வயலில் மருந்து தெளித்துக்கொண்டிருக்கும்போதே தலை சுற்றி மயங்கி விழுந்துவிட்டார். தெளிக்கிறவனையே சாய்த்துவிடக்கூடிய ஒரு வஸ்து, அந்தச் சோற்றைத் தினமும் உண்கிறவர்களை என்ன செய்யும் என்ற கேள்வி அவர் மனத்தில் எழுந்தது. மருந்தில்லாமல் விளையும் நெல் எது என்று தேடத் தொடங்கியவர், பாட்டன் காலத்து ரகங்களை நோக்கித் திரும்பினார். அவற்றின் விதையைத் தேடி ஊர் ஊராக அலைந்தபோது, ஒரு தலைமுறைக்கு முன் வீட்டுக்கு வீடு குதிரில் கிடந்த ரகங்கள் பல அடியோடு மறைந்துவிட்டன என்பதைக் கண்டார். அப்பொழுதுதான், தம் குடும்பத்தார் பழைய சொத்து என்ற அளவில் மட்டும் மதித்துவந்த மாந்தோப்பின் அருமையும் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். சேகரித்துப் பாதுகாக்கும் தொழிலைக் கற்றவருக்கு, உயிருள்ள சேகரம் ஒன்று வீட்டுக் கொல்லையிலேயே காத்துக்கிடந்தது.

ஒரு மரம் போனால் ஒரு வகை போயிற்று

இந்தத் தோப்பைக் காப்பது ஏன் அவசரமான காரியம் என்பதை அறிய, மாமரத்தின் சுபாவத்தைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டு மாமரங்களில் பெரும்பாலானவை, கொட்டை போட்டு வளர்த்தால் தாய்மரத்தைப் போன்ற பழத்தைத் தருவதில்லை. பூ பூக்கும் காலத்தில் ஈயும் பூச்சியும் பல மரங்களின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதால், ஒவ்வொரு கொட்டையும் ஒரு புதிய கலப்பின் சந்ததியாக உருவாகிறது. நூறு கொட்டைகள் ஊன்றினால் நூறு விதமான மரங்கள் தோன்றலாம். அவற்றில் நாருள்ளதும் புளிப்புள்ளதுமே அதிகமாக இருக்கும். அபூர்வமாக ஒன்று அமிர்தமாக அமையும். அந்த ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு பெயர் சூட்டி, அதன் கிளையை எடுத்து வேறொரு கன்றில் ஒட்டுக்கட்டிப் பெருக்கியவர்கள் நம் முன்னோர்கள். இன்று சந்தையில் பெயர் பெற்றுள்ள பழைய மாம்பழ வகைகளில் பெரும்பாலானவை ஒவ்வொன்றுக்கும் மூலமாக, எங்கோ எப்போதோ தற்செயலாக முளைத்த ஒரே ஒரு மரம் இருந்திருக்கிறது.

ஆகவே, ஒட்டுக்கட்டிப் பெருக்கப்படாமல் ஒற்றையாக நிற்கும் ஒரு பழைய மரம் புயலில் சாய்ந்துவிட்டாலும், விறகுக்காக வெட்டப்பட்டுவிட்டாலும், அந்த வகை உலகத்திலிருந்தே நீங்கிவிடுகிறது. அதன் கொட்டைகள் ஆயிரம் இருந்தாலும் அதை மீட்க இயலாது. இதில் இன்னுமொரு சங்கடமும் உண்டு. நெல், கோதுமை போன்றவற்றின் விதைகளை உலர்த்திக் குளிர் அறைகளில் வைத்து நெடுங்காலம் காக்கலாம். மாங்கொட்டையோ உலர்ந்தால் முளைக்கும் சக்தியை இழந்துவிடும். பழத்திலிருந்து எடுத்த சில வாரங்களுக்குள் ஊன்றியாக வேண்டும். எவ்வளவு பெரிய விதை வங்கியானாலும் மாமரத்தைப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்ற முடியாது. மண்ணில் வேரூன்றி, வெயிலும் மழையும் பட்டு, ஆண்டுதோறும் பூத்துக் காய்த்து நிற்கும் மரம் ஒன்றே மாமரத்துக்கு உரிய பாதுகாப்பு. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் மா வகைகளைத் தோட்டமாக வளர்த்தே காத்துவருகிறது. அரசாங்க ஸ்தாபனம் பெரும் பொருட்செலவில் செய்யும் அந்தக் காரியத்தை, ஒரு விவசாயக் குடும்பம் தன் ஜீவனத்துக்குரிய நிலத்திலேயே செய்துவருகிறது.

பழைய தோப்பு ஒன்றை வைத்துக்கொண்டிருப்பதில் உள்ள நஷ்டத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வயதான மரம் உயர்ந்து பரந்து நிற்கும். ஏறிப் பறிப்பதற்கு ஆள் வேண்டும். ஓராண்டு அள்ளிக் கொடுத்தால் மறு ஆண்டு ஓய்ந்துவிடும். ஒரே ரகத்தை நெருக்கமாக நட்டு, ஏக்கருக்கு இத்தனை டன் என்று கணக்குப் பார்க்கும் இக்காலத்து முறைக்கு முன்னால், பல வகை மரங்கள் பல வேளைகளில் பழுக்கும் தோப்பு வியாபாரிக்குப் பிடித்தமானதாக இருப்பதில்லை. கால்வாய்ப் பாசனம் உள்ள மண்டியாச் சீமையில் மரங்களை வெட்டிக் கரும்பு நட்டால் கையில் நிச்சயமான வருமானம் வரும். அந்த ஆசைக்கு இணங்கி எத்தனையோ தோப்புகள் நம் கண் முன்னே மறைந்துவிட்டன. படா பாக் மறையாமல் இருப்பதற்கு ஒரு மனிதரின் தீர்மானமே காரணம்.

இயற்கை முறை என்பது சும்மா இருப்பதன்று

இயற்கை விவசாயம் என்றவுடன், மரத்தை நட்டுவிட்டு மற்றதைப் பகவானிடம் ஒப்படைத்துவிடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை ஜப்பானியப் பெரியவர் மசனோபு புகுவோக்காவின் அனுபவத்திலிருந்து அறியலாம். 1913-இல் பிறந்த அவர், யோகஹாமா துறைமுகத்தில் தாவரங்களைச் சோதிக்கும் உத்தியோகத்தை இருபத்தைந்தாவது வயதில் உதறிவிட்டு ஊர் திரும்பி, தந்தையாரின் ஆரஞ்சுத் தோட்டத்தை ஏற்றுக்கொண்டார். மரங்களைக் கவாத்துச் செய்யாமல் விட்டுவிட்டால் அவை தாமாகவே நன்றாக வளரும் என்று நம்பி அப்படியே விட்டார். கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பூச்சி பரவி, மரங்கள் பட்டுப்போயின. மனிதன் கை வைத்துப் பழக்கிய மரத்தைத் திடீரென்று கைவிடுவதற்குப் பெயர் புறக்கணிப்பு என்பதையும், முதற்கன்றிலிருந்தே அதன் இயல்பான உருவத்தில் வளர விடுவதே இயற்கை முறை என்பதையும் அவர் அந்த நஷ்டத்திலிருந்து கற்றார். 1975-இல் வெளிவந்த அவருடைய ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ என்ற நூல் இந்தியாவில் எத்தனையோ விவசாயிகளின் மனத்தை மாற்றியது. அவ்வாறு மாறியவர்களில், தொட்டபள்ளாபுரத்துக்கு அருகே பல ஆண்டுகள் இயற்கை விவசாயம் செய்து பலருக்கும் கற்பித்த எல். நாராயண ரெட்டி அவர்களும், நம் தமிழ்நாட்டில் ஊர் ஊராக நடந்து இந்த அறிவைப் பரப்பிய நம்மாழ்வார் அவர்களும் முக்கியமானவர்கள்.

கர்நாடகத்தில் இந்த இயக்கம் வேரூன்றியதற்கு இன்னுமொரு காரணமும் உண்டு. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த சுபாஷ் பாலேக்கர் நடத்திய பயிற்சி முகாம்களில், கர்நாடக ராஜ்ய ரயத சங்கத்தைச் சேர்ந்த விவசாயிகள் ஆயிரக்கணக்கில் கலந்துகொண்டார்கள். அவர் சொல்லிக்கொடுத்த ஜீவாமிருதம் இன்று மைசூர்ப் பிரதேசத்தின் பல கிராமங்களில் வீட்டுப் பொருளாகிவிட்டது. 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ நாட்டுப் பசுவின் சாணம், 5 முதல் 10 லிட்டர் வரை கோமூத்திரம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு ஆகியவற்றோடு வயல் வரப்பிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணையும் இட்டுக் கலக்கி, இரண்டு நாள் நிழலில் புளிக்க வைத்து நிலத்துக்கு விடுகிறார்கள். சாணத்திலும் மண்ணிலும் உள்ள நுண்ணுயிர்கள் வெல்லத்தையும் மாவையும் உண்டு கோடிக்கணக்கில் பெருகுகின்றன. அவை நிலத்தில் சேர்ந்து, அங்கே கிடக்கும் சருகையும் தழையையும் மக்கச் செய்து, வேர் உறிஞ்சக்கூடிய உணவாக மாற்றுகின்றன. மண்ணில் உயிர் இருந்தால்தான் மரத்துக்கு உணவு உண்டு என்பதே இந்த முறையின் சாரம்.

மாந்தோப்பில் இந்தச் சாரம் கண்கூடாக விளங்கும். மரத்தடியில் விழும் இலையைக் கூட்டி எரித்துவிடாமல் அப்படியே மூடாக்காக விட்டால், கோடையில் ஈரம் காய்வதில்லை, மண்புழு மேலே வருகிறது, களை குறைகிறது. பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சி பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சிப் பூவைக் கருக்கிவிடும். காய் முற்றும் பருவத்தில் பழ ஈ முட்டையிட்டுப் பழத்தைச் சொத்தையாக்கும். மருந்து அடிக்கிற தோப்பில் இந்தப் பூச்சிகளோடு அவற்றைத் தின்னும் சிலந்தியும் குளவியும் சேர்ந்தே மடிகின்றன. சில வாரங்களில் பூச்சி மட்டும் திரும்பி வருகிறது, அதைத் தின்ன ஆள் இல்லை. மருந்து படாத தோப்பிலோ, இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புகள் காவலர்களாகக் கிளை கிளையாகத் திரிந்து பூச்சிகளைப் பிடித்துத் தின்கின்றன. பல வகை மரங்கள் கலந்து நிற்பதும் ஒரு காப்பு. ஒரு வகை தை மாதத்தில் பூத்தால் மற்றொன்று மாசியில் பூக்கிறது. ஒரு நாள் பெய்த பனியோ பருவம் தப்பிய மழையோ தோப்பு முழுவதையும் ஒரேயடியாகப் பாழாக்குவதில்லை. மரங்களின் பன்மையும் மண்ணின் உயிரும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அவற்றுள் ஒன்றைக் கைவிட்டால் மற்றொன்றும் நெடுநாள் நில்லாது.

விதைக்க வேண்டிய அருங்காட்சியகம்

மாந்தோப்போடு கனி கானின் முயற்சி நிற்கவில்லை. அருங்காட்சியகத்தில் பணிபுரிய ஆசைப்பட்டவர், தம் கிராமத்திலேயே ஓர் அருங்காட்சியகத்தை நிறுவிவிட்டார். அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பது நெல். பழைய ரகங்களின் விதைகள் குப்பிகளிலும், அவற்றின் கதிர்கள் சுவரிலும் முறையாகப் பெயர் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. கர்நாடகத்தின் ரகங்களோடு பிற மாநிலங்களின் ரகங்களும் அயல்நாட்டு ரகங்களும் சேர்ந்து பல நூற்றுக்கணக்கில் பெருகியிருக்கின்றன. மைசூர் அரண்மனையின் போஜனத்துக்கு உகந்ததென்று போற்றப்பட்ட ராஜமுடி அங்கே இருக்கிறது; மண்டியாச் சீமைக்கே உரிய ரத்னசூடி இருக்கிறது; சமைக்கும்போதே வீடெங்கும் மணக்கும் கந்தசாலை இருக்கிறது; கேரளத்து வைத்தியர்கள் மருந்தாகக் கையாளும் நவரையும் இருக்கிறது.

குப்பியில் இருக்கும் விதைக்கு ஆயுள் குறைவு. சாதாரணமான வீட்டுச் சூழ்நிலையில் நெல் விதை ஓரிரண்டு ஆண்டுகளில் முளைப்புத் திறன் குன்றிவிடும். ஆதலால் இந்தச் சேகரத்தை வைத்திருக்கிறவர் வருஷாவருஷம் ஒவ்வொரு ரகத்தையும் வயலில் தனித்தனிப் பாத்தியாக விதைத்து, நாற்று நட்டு, கதிர் வந்தவுடன் கலப்பு நேர்ந்த தூர்களைக் களைந்து, தனித்தனியே அறுத்து, தனித்தனியே அடித்து உலர்த்திப் பெயர் எழுதி வைக்க வேண்டும். ஒரே ரகத்தை நட்டு இயந்திரத்தால் அறுவடை செய்கிற விவசாயிக்கு ஒரு நாளில் முடிகிற வேலை, இவருக்குப் பல வாரங்களை விழுங்கிவிடுகிறது. இதில் லாபம் என்ன என்று கேட்கிறவர்களுக்கு இப்போதைக்குச் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான்: நாளைக்கு வரப்போகிற வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் புதிய நோய்க்கும் மாற்று எந்தப் பாத்தியில் ஒளிந்திருக்கிறது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது.

பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் ஐ.ஆர். 8 என்ற குட்டை ரகத்தை வெளியிட்டது. இரண்டாண்டுகள் கழித்து இந்திய விஞ்ஞானிகள் ஜயா ரகத்தைக் கொடுத்தார்கள். பஞ்சத்தின் விளிம்பில் நின்ற தேசத்துக்கு அவை சோறு போட்டன. அந்த நன்றியை மறப்பது அதர்மம். ஆனால் உரமும் பாசனமும் மிகுதியாகக் கேட்ட அந்த ரகங்கள் பரவிய வேகத்தில், மேட்டு நிலத்துக்கென்றும் தாழ்வு நிலத்துக்கென்றும் உவர் மண்ணுக்கென்றும் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக உழவர்கள் தேர்ந்தெடுத்து வைத்திருந்த ரகங்கள் கைவிடப்பட்டன. அவற்றில் எஞ்சியவற்றைத் தேடி எடுக்கும் பணியில், காவிரியின் மேல்பகுதியில் கிருகாவலுவிலும், அதன் கடைமடையில் நம்முடைய டெல்டாவிலும், தனித்தனியே சிலர் ஈடுபட்டார்கள். திருவாரூர் மாவட்டம் ஆதிரங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தி, 174 பாரம்பரிய ரகங்களை மீட்டு, 2018 டிசம்பரில் மறைந்த நெல் ஜெயராமன் அவர்களைத் தமிழர்கள் அறிவார்கள். தண்ணீருக்காக வழக்காடும் இரு மாநிலங்களின் உழவர்கள், ஒரே நதியின் கரையில், ஒரே நோக்கத்தோடு விதை காத்திருக்கிறார்கள் என்பது நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டிய உண்மை.

பெயருக்கு ஒரு விலை

இத்தகைய பணிக்குப் பாராட்டு கிடைக்காமல் போகவில்லை. பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2001-இல் இயற்றப்பட்டது. உழவன் தன் ரகத்தைத் தன் பெயரில் பதிவு செய்துகொள்ளவும், விதையைச் சேமிக்கவும், பரிமாறிக்கொள்ளவும் அது உரிமை அளிக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த ஆணையம், மரபு வகைகளைக் காக்கும் விவசாயிகளுக்குத் தாவர மரபணுக் காவலர் என்ற கௌரவத்தை வழங்குகிறது. கனி கானும் அதைப் பெற்றிருக்கிறார். ஆனால் கௌரவப் பத்திரம் தோப்புக்கு வேலி போடாது; பழம் பறிக்கும் ஆளுக்குக் கூலி கொடுக்காது. மரம் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டுமானால், அதன் பழத்துக்கு உரிய விலை கிடைக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் மேல்நாட்டாரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பிரான்சு தேசத்தில் போஜோலே என்ற பிரதேசம் திராட்சைத் தோட்டங்களுக்கும் ஒயினுக்கும் பிரசித்தி பெற்றது. அங்கே மோர்கோன் என்னும் ஊரில், மார்செல் லாப்பியேர் என்ற இளைஞர் 1973-இல் குடும்பத் தோட்டத்தை ஏற்றுக்கொண்டார். அக்காலத்தில் எல்லோரும் செய்ததுபோல இரசாயனங்களைக் கொண்டே அவரும் தொடங்கினார். 1981-இல் ஜூல் ஷோவே என்ற முதிய இரசாயன அறிஞரைச் சந்தித்த பிறகு, களைக்கொல்லியையும் செயற்கை உரத்தையும் விட்டொழித்தார். கடையில் வாங்கிய ஈஸ்டைச் சேர்க்காமல், திராட்சையின் தோலிலேயே படிந்திருக்கும் ஈஸ்டைக் கொண்டு இரசத்தைப் புளிக்க வைக்கும் பழைய வழக்கத்துக்கு அவர் திரும்பினார். இன்று உலகமெங்கும் இயற்கை ஒயின் என்று பேசப்படும் இயக்கத்துக்கு அந்தத் தோட்டம் ஒரு மூலஸ்தானமாக விளங்குகிறது.

மது நமக்குச் சம்மதமா என்பது வேறு விவகாரம். நான் இங்கே சுட்ட விரும்புவது அந்த விவசாயிக்குக் கிடைத்த மரியாதையை. புட்டியின் மேல் ஊரின் பெயர் இருக்கிறது. தோட்டக்காரரின் பெயர் இருக்கிறது. எந்த ஆண்டின் மகசூல் என்பது இருக்கிறது. வாங்குகிறவர் அவற்றைப் படித்து, அந்தப் பெயருக்காகவே அதிக விலை கொடுக்கிறார். நம்முடைய மாம்பழமோ மண்டிக்குள் நுழைந்தவுடன் தன் ஊரை இழக்கிறது, தன் பெயரை இழக்கிறது. பூ விடும்போதே மரத்தைக் குத்தகைக்கு எடுத்த வியாபாரி, முற்றாத காயைப் பறித்து, கல் வைத்துப் பழுக்கவைத்து, நிறத்தை மட்டும் காட்டி விற்றுவிடுகிறார். கார்பைடு கல்லால் பழுக்கவைப்பது சட்டப்படி குற்றமாக இருந்தும் அந்த வழக்கம் முற்றிலும் ஒழியவில்லை. நிறமும் பருமனும் மட்டுமே விலையைத் தீர்மானிக்கிற சந்தையில், பச்சைத் தோலோடு பழுக்கிற ஒரு பழைய வகைக்கு, அதன் சுவை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், இடம் கிடைப்பதில்லை.

சில பெயர்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன என்பதும் உண்மை. மலைநாட்டின் அப்பெமிடி மாவடு, நஞ்சன்கூட்டு ரசபாளை வாழை, பெங்களூர் நீலத் திராட்சை, நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை ஆகியவை புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன. குறியீடு பெற்ற பிறகும் ரசபாளை வாடல் நோயால் நலிந்து அருகிப்போனதைப் பார்க்கையில், பதிவு மட்டும் போதாது, பயிர் செய்கிறவனின் கையைப் பலப்படுத்துவதும் வேண்டும் என்று தெளிவாகிறது. தோட்டக்கலைத் துறையார் மைசூரிலும் பெங்களூரிலும் கோடைதோறும் நடத்தும் மாம்பழ மேளாக்களில் விவசாயியே நேரில் வந்து விற்கிறார்; அங்கே படா பாக் போன்ற தோப்புகளின் பழங்களுக்கென்று தனி இடம் ஒதுக்கி, ஒவ்வொன்றின் பெயரையும் எழுதி வைத்தால் பெரும் பிரயோஜனம் உண்டாகும். மைசூரில் 1950 முதல் இயங்கிவரும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இந்தப் பழைய வகைகளின் சத்தையும் சுவையையும் சோதித்து வெளியிட்டால், அவற்றுக்குச் சந்தையில் தனி மதிப்பு ஏற்படும். அரசாங்கத்துக்கு இவை பெரிய செலவுகள் அல்ல.

நாம் செய்யக்கூடியது

இந்தக் கட்டுரையை எழுதும்போது என் மனத்தை விட்டு அகலாத எண்ணம் ஒன்று உண்டு. ஒரு குடும்பம் தன் சொந்தச் செலவில், தன் சொந்த உழைப்பில், நாட்டுக்கே உரிய ஒரு செல்வத்தைக் காத்துக்கொண்டிருக்கிறது. அதன் பலனை எதிர்காலத்தில் அனுபவிக்கப் போகிறவர்களோ நாம் எல்லோரும். இப்படிப்பட்ட பாரத்தை ஒருவர் தலையில் மட்டும் விட்டுவைப்பது நியாயமாகாது. அந்த ஒருவருடைய உற்சாகம் குன்றினாலோ, அடுத்த தலைமுறைக்கு அதில் சிரத்தை இல்லாமல் போனாலோ, இரண்டு நூற்றாண்டுகள் நின்ற தோப்பு ஒரு கோடையில் விறகாகிவிடும். ஒட்டுக்குச்சி எடுத்துப் பத்து ஊர்களில் பத்துத் தோட்டங்களில் வளர்த்துவிட்டால் அந்தப் பயம் இல்லை. இளந்தண்டு ஒட்டுக் கட்டுவது கைப்பழக்கம் உள்ள எந்த நாற்றங்கால்காரருக்கும் தெரிந்த வேலை. பள்ளிக்கூடங்களும் கோயில் நிலங்களும் கல்லூரி வளாகங்களும் நினைத்தால், ஒவ்வொன்றும் ஐந்தாறு பழைய வகைகளுக்கு இடம் கொடுக்கலாம்.

தமிழ்நாட்டிலும், சேலம், பெரியகுளம், நத்தம், கிருஷ்ணகிரி ஆகிய இடங்களில் பழந்தோப்புகளின் மிச்சங்கள் இன்னும் நிற்கின்றன. உங்கள் ஊரிலும் பெயர் தெரியாத ஒரு பெரிய மாமரம் இருக்கக்கூடும். அதன் பெயரை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அது வெட்டப்படும் முன் ஒரு கிளையையாவது ஒட்டுக்கட்டிக் காப்பாற்றுங்கள். வரும் சித்திரையில் மாம்பழம் வாங்கும்போது கடைக்காரரிடம் அதன் பெயரையும் அது விளைந்த ஊரையும் கேளுங்கள். கல் வைக்காத பழத்துக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தயங்காதீர்கள். வாங்குகிறவர்கள் பெயர் சொல்லிக் கேட்கிற வகையை எந்த விவசாயியும் வெட்ட மாட்டார்.